சென்னைக்கு ஏற்ற கருப்பொருள் ஆண்டு: தண்ணீரை வைத்து ஒரு திட்டம்

பள்ளியில் 'இந்த ஆண்டின் கருப்பொருள்' என்று ஒன்றை அறிவித்தால் அது எப்படி நடந்தேறும் என்பது சென்னைப் பெற்றோர் பலருக்குப் பழகிப்போன கதை. ஜூனில் வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறும். ஆகஸ்டில் மாறுவேடப் போட்டி. ஒரு குழந்தை மரமாகவும் இன்னொன்று மழைத்துளியாகவும் வரும். டிசம்பர் வாக்கில் கண்காட்சி. அதற்கு முந்தைய இரவு அப்பா தெர்மாகோல் வெட்டுவார், அம்மா பசை தடவுவார், பிள்ளை தூங்கிப்போயிருக்கும். ஆண்டு விழாவில் அதே தலைப்பில் ஒரு நடனம். நடுவே கணக்கு டீச்சர் தன் பாட்டுக்குப் பின்னம் நடத்தியிருப்பார், தமிழ் ஐயா தன் பாட்டுக்குச் செய்யுள் நடத்தியிருப்பார். கருப்பொருளுக்கும் பாடத்துக்கும் ஆண்டு முழுக்க அறிமுகமே நடந்திருக்காது.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. எல்லாப் பாடத்தையும் தலைப்புக்குள் இழுத்து வந்தே தீருவது என்று சில பள்ளிகள் ஒற்றைக்காலில் நிற்கும். 'கடல்' என்று தலைப்பு வைத்தால் கூட்டல் கணக்கில் ஆப்பிளுக்குப் பதில் மீன் வந்துவிடும். ஐந்து மீனும் மூன்று மீனும் எட்டு மீன். கணக்கு பழைய கணக்குதான். மீனைப் பற்றியும் குழந்தைக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை.

ஆகவே கருப்பொருள் ஆண்டைத் திட்டமிடும்போது கவர்ச்சியான தலைப்பைத் தேடுவது அவ்வளவு பெரிய வேலை அல்ல. எந்தப் பாடப்பகுதி அந்தத் தலைப்போடு சேரும், எதை அதன் வழியில் விட்டுவிட வேண்டும் என்று பிரிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. தண்ணீரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, சென்னையில் ஒரு தொடக்கப் பள்ளி அதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

பழைய யோசனை, பழைய சண்டை

பாடங்களை ஒரு பொருளைச் சுற்றிக் கோப்பது புதுச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கி எழுதினார். இங்கே 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு போன்ற ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மொழியும் கணக்கும் சமூகப் பாடமும் அதிலிருந்து கிளைக்க வேண்டும் என்றது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வியும் அந்தத் திட்டமும் ஒன்றல்ல. ஆனாலும் 'வாழ்க்கையோடு இணைந்த கல்வி' என்று யார் ஆரம்பித்தாலும், 'யாருடைய வாழ்க்கையோடு?' என்ற கேள்வி இந்த ஊரில் எழத்தான் செய்யும். எழுவது நல்லது. பின்னால் இதற்கு வருகிறேன்.

சென்னைக்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது. 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் கற்றல் அட்டைகளைப் பார்த்து உருவான அந்த முறை, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கற்றல் ஏணி. ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறும். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்த்தது. இவை இரண்டும் 'இந்தக் குழந்தை இப்போது எங்கே நிற்கிறது' என்று கேட்கின்றன. கருப்பொருள் ஆண்டு 'நாம் எல்லோரும் சேர்ந்து எதைப் பார்க்கிறோம்' என்று கேட்கிறது. இரண்டும் தேவையான கேள்விகள். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

இங்கிலாந்தில் இந்தக் குழப்பம் நடந்து முடிந்தது. தொடக்கக் கல்வி பற்றி 1967இல் வந்த பிளவ்டன் குழு அறிக்கைக்குப் பிறகு தொடக்கப் பள்ளிகளில் தலைப்பு சார்ந்த பாடம் வழக்கமாகிவிட்டது. 1992இல் ராபின் அலெக்சாண்டர், ஜிம் ரோஸ், கிறிஸ் வுட்ஹெட் மூவரும் அரசுக்குத் தந்த அறிக்கை, அந்தத் தலைப்புப் பாடங்களில் பல துண்டு துண்டாகவும் மேலோட்டமாகவும் இருப்பதாகக் குறை சொன்னது. ஃபின்லாந்து 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கலைத்திட்டத்தில் பாடங்களை ஒழிக்கவில்லை. பல பாடங்கள் கலந்த ஒரு கற்றல் தொகுதியாவது ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்று மட்டும் விதித்தது. பாடங்களை உடைத்துவிட்டார்கள் என்று இங்கே வாட்ஸ்அப்பில் சுற்றியதெல்லாம் கதை.

என் கருத்து இதுதான். எழுத்துக்கூட்டி வாசிப்பதும் எண்ணின் அடிப்படைகளும் வாய்பாடும் ஏணியிலேயே இருக்கட்டும், தலைப்பு அவற்றைத் தொட வேண்டாம். சூழ்நிலையியல், அறிவியல், சமூக அறிவியல், பேச்சு, எழுத்து, கணக்கில் அளவைகளும் தகவல் செயலாக்கமும் ஆகியவைதான் தலைப்போடு ஒட்டுபவை. வடிவியலைத் தண்ணீரோடு முடிச்சுப் போட யாராவது தலையைப் பிய்த்துக்கொண்டால், அந்த நேரத்தில் வடிவியலை உருப்படியாக நடத்திவிடலாம்.

ஏன் தண்ணீர்?

சென்னையில் தண்ணீர் ஓராண்டு நீள்கிற கதை; அது பள்ளி நாட்காட்டியோடு சேர்ந்தே ஓடுகிறது. 2012-13ஆம் கல்வியாண்டில் வந்த முப்பருவ முறைப்படி ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். முதல் பருவம் வெயிலிலும் லாரி வரிசையிலும் தொடங்கி, மாலை நேரத்து வெப்பச்சலன மழையில் முடிகிறது. இரண்டாம் பருவம் அப்படியே வடகிழக்குப் பருவமழை. நகரத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. மூன்றாம் பருவத்தில் ஏரிகள் நிறைந்திருக்கும் அல்லது நிறையாமல் ஏமாற்றியிருக்கும்; எதுவானாலும் கணக்குப் பார்க்க அதுவே நேரம். இப்படித் தானாக மூன்றாகப் பிரியும் தலைப்பு கிடைப்பது அரிது. 'விண்வெளி' ஜூனிலும் ஒன்றுதான், ஜனவரியிலும் ஒன்றுதான்.

முதல் பருவத்தில் பள்ளியின் தண்ணீர் போதும். சம்பு எங்கே இருக்கிறது, மேல்தொட்டிக்கு மோட்டார் எப்போது போடுகிறார்கள், சத்துணவுக் கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகிறது, ஒழுகும் குழாயின் கீழ் ஒரு மணி நேரம் வாளி வைத்தால் எவ்வளவு சேரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் லிட்டர், மில்லிலிட்டர் படிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாம் பருவத்தில் நகரத்தின் பழைய கதைக்குப் போகலாம். கோட்டைக்குத் தண்ணீர் தர 1772இல் உருவான ஏழு கிணறு, 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகர், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம், 2003இல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு, 2010இல் மீஞ்சூரில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒரு நீளத் தாளில் காலக்கோடு வரைந்தால் ஐந்தாம் வகுப்பின் சமூக அறிவியலுக்குப் பாதி தீனி இதிலேயே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் பேட்டி எடுக்கச் சொல்லலாம். அடிபம்பில் வரிசையில் நின்ற கதை இல்லாத பாட்டி சென்னையில் கிடைப்பது கடினம்.

நடுப்பருவம்தான் சதைப்பற்றுள்ள பகுதி. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

மழைமானியும் ஒரு கன அடியும்

ஒரு மழைமானி செய்ய இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் செருக வேண்டும். குண்டும் குழியுமான அடிப்பாகத்தில் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யக் கோடு போட வேண்டும். அதற்கு மேல் ஒரு ஸ்கேலை ஒட்டினால் முடிந்தது. இந்த பூஜ்யக் கோட்டை விட்டுவிட்டு அடியிலிருந்தே அளக்கும் வகுப்புகளில் ஒவ்வொரு நாளும் அளவு தப்பாகவே வரும். ஏன் தப்பு வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று இரண்டு நாள் விட்டுப் பார்ப்பதும் நல்ல பாடம்தான். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைக்கக் கூடாது.

வானிலை ஆய்வு மையம் ஒரு நாளின் மழையைக் காலை எட்டரை மணிக்குக் கணக்கு முடிக்கிறது. பள்ளியும் காலை வழிபாட்டுக்கு முன் அளந்து, கூட்டத்தில் வாசித்து, பதிவேட்டில் எழுதலாம். அன்றைய நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகள் செய்தியில் வரும். பெரம்பூரில் 32, மீனம்பாக்கத்தில் 5 என்றால் 'ஒரே ஊர்தானே, ஏன் இப்படி?' என்று முதல் கேள்வி வரும். வரட்டும்.

இதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மழை வலுத்தால் ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிடுவார். ஆக, ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் நாளில் மழைமானியைப் பார்க்கப் பள்ளியில் ஆள் இருக்காது. பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் வீட்டு மாடியிலும் ஒரு பாட்டில் வைத்தால் இந்த ஓட்டை அடைபடும். இல்லாவிட்டால் அந்த நாளுக்கு நுங்கம்பாக்கத்தின் அளவையே எழுதி, பக்கத்தில் 'நாங்கள் அளக்கவில்லை' என்று குறித்துவிடலாம். எங்கிருந்து வந்த எண் என்று குறிக்கும் பழக்கம் ஒன்பது வயதில் வந்துவிட்டால் பெரிய லாபம்.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பள்ளி மொட்டை மாடி 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம்; பரப்பளவு 200 சதுர மீட்டர். 45 மில்லிமீட்டர் பெய்த இரவில் அந்த மாடியில் விழுந்தது 9,000 லிட்டர். மெட்ரோ வாட்டரின் 9,000 லிட்டர் லாரி தெருவில் நிற்பதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். ஒரு லாரித் தண்ணீர் நம் தலைக்கு மேல் வந்து விழுந்து, குழாய் வழியாகத் தெருவுக்குப் போனதா, மழைநீர்த் தொட்டிக்குப் போனதா என்று வகுப்பு முழுக்க எழுந்துபோய்ப் பார்க்கும். ஆசிரியர் பாதுகாப்புக்கு நின்றால் போதும், பேச வேண்டியதில்லை.

நாளிதழ்களில் ஏரி நிலவரம் வரும். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. இந்த அலகு பெரியவர்களுக்கே பிடிபடாது. அட்டையில் பக்கத்துக்கு ஒரு அடி வைத்து ஒரு பெட்டி செய்துவிட்டால் பிடிபட்டுவிடும். அதற்குள் 28 லிட்டர் சொச்சம் அடங்கும், ஏறக்குறைய இரண்டு பிளாஸ்டிக் குடம். புழல் நிறைந்தால் 330 கோடிப் பெட்டி, 660 கோடிக் குடம். லட்சத்துக்கும் கோடிக்கும் எத்தனை பூஜ்யம் என்று தடுமாறும் பிள்ளைகூட அன்று பூஜ்யத்தை எண்ணிப் பார்க்கும். கிருஷ்ணா நீருக்காக ஆந்திரத்தோடு 1983இல் ஒப்பந்தம் போட்டார்களே, அதன்படி ஆண்டுக்கு வர வேண்டியது 12 டிஎம்சி, அதாவது 12,000 மில்லியன் கன அடி. ஐந்து ஏரியையும் சேர்த்தாலும் அவ்வளவு இல்லை. இதை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்ல வேண்டாம், அவர்களே கூட்டிக் கண்டுபிடிக்கலாம்.

வகுத்தலுக்கு 2019 கோடை இருக்கிறது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு வந்த முதல் தண்ணீர் ரயிலில் 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர். மொத்தம் 25 லட்சம். 9,000 லிட்டர் லாரியில் நிரப்பினால் 277 லாரி, மிச்சம் 7,000 லிட்டர். அந்த மீதியை வைத்து என்ன செய்வது, இன்னொரு லாரி அனுப்புவதா என்று வாதம் வரும். மீதி என்பதற்குப் பொருள் இருக்கிறது என்று அப்போதுதான் பலருக்கு உறைக்கும்.

தமிழ்ப் பாடத்தில் வான்சிறப்புக் குறட்பாக்களை எப்படியும் மனப்பாடம் செய்யத்தான் போகிறார்கள். அதை நவம்பருக்கு வைத்துக்கொள்ளலாம். தெருக்கூத்திலும் நாடகத்திலும் ராஜா வந்து 'மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?' என்று கேட்பாரே, அந்தக் காட்சியைப் பிள்ளைகள் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடிக்கலாம். 'மன்னா, நவம்பரில் பதினோரு நாள் பொழிந்தது, ஜூலையில் இரண்டே நாள்' என்று மந்திரி பதில் சொன்னால் மொழியும் தகவலும் ஒன்றாக நிற்கும். ஆங்கிலத்துக்குப் பேட்டிக் கேள்விகள், ஓவியத்துக்கு வரைபடம். இவற்றை நீட்ட வேண்டியதில்லை.

மே மாதத்து வேலை

திட்டம் போடுவது பள்ளி திறப்பதற்கு முன் நடக்க வேண்டும். எல்லாப் பாடநூல்களின் பொருளடக்கத்தையும் பிரதி எடுத்து ஒரே பெரிய சார்ட்டில், பருவ வாரியாக ஒட்டிவிட்டு, எல்லா ஆசிரியர்களும் சுற்றி உட்கார்ந்து வண்ணம் தீட்டலாம். தானாகப் பொருந்துவது ஒரு வண்ணம், முன்பின் நகர்த்தினால் பொருந்துவது இன்னொன்று. மீதி வெறுமையாகவே இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு வண்ணம் ஏறினாலே தாராளம். அதற்கு மேல் ஏறினால் யாரோ மீன் கணக்குப் போடுகிறார்கள் என்று பொருள்.

அரசு, மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுக்கிறார். வேலைப்பளு என்று அவர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. ஆனால் கருப்பொருள் ஆண்டுக்கு அதுவே வசதி. மழை பெய்த காலையில் கணக்கை முன்னால் போட யாரிடமும் பீரியட் கேட்க வேண்டாம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி அடித்து ஆசிரியர் மாறும் தனியார் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு மதியம் இரட்டைப் பீரியட்டாகச் சேர்த்து ஒதுக்கினால்தான் எதுவும் நடக்கும். நவம்பரை இறுக்கி நிரப்பக் கூடாது. மழை விடுமுறை எத்தனை போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு ஓராண்டுத் தலைப்பு மிக நீளம். அவர்களுக்குப் பருவத்துக்கு மூன்று நான்கு வாரம் போதும்.

வெளியே கூட்டிப்போவதை ஆண்டு முடிவுக்குப் பரிசாக வைக்காமல், கேள்வி சூடாக இருக்கும்போது போக வேண்டும். மயிலாப்பூர்க் குளம், சேத்துப்பட்டு ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் என்று பள்ளிக்கு எது பக்கமோ அது.

இப்போது 'யாருடைய வாழ்க்கை' என்ற கேள்விக்கு வருகிறேன். 'உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது, எழுதி வா' என்ற வீட்டுப்பாடம் பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஒரே வகுப்பில் அடுக்குமாடியில் ஷவரில் குளிக்கும் குழந்தையும், விடியற்காலையில் அம்மாவோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடும் குழந்தையும் இருந்தால், அந்தத் தாள் இரண்டாவது குழந்தையை எல்லோர் முன்னாலும் நிறுத்திவிடும். பள்ளியின் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொன்னதற்கு முதல் காரணம் இது. வீட்டு அளவு வேண்டுமென்றால் பெயரில்லாச் சீட்டில் வாங்கலாம். வெள்ளத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் தண்ணீரில் பாடப்புத்தகத்தைப் பறிகொடுத்த பிள்ளைக்கு 'வெள்ளம் பற்றிப் பத்து வரி' சாதாரணக் கட்டுரைத் தலைப்பு இல்லை. சொல்ல வருகிறவர்கள் சொல்லட்டும். மற்றவர்கள் செம்பரம்பாக்கத்தில் திறந்த உபரிநீர் திருநீர்மலை, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக அடையாறு முகத்துவாரத்துக்குப் போகும் பாதையை வரைபடத்தில் குறிக்கட்டும்.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் கடிதம் எழுதுவது பாடத்திலேயே உண்டு. மாடியில் அடைத்துக் கிடக்கும் மழைநீர்க் குழாயைச் சரிசெய்யக் கோரி, பதிவேட்டிலிருந்து எண்களை எடுத்து, தலைமையாசிரியருக்கோ வார்டு கவுன்சிலருக்கோ உண்மையாகவே ஒரு கடிதம் எழுதி அனுப்பினால், அதில் மொழி எவ்வளவு, கணக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பதில் வருகிறதா என்பது வேறு பாடம்.

கடைசியாக ஒரு நிர்வாகக் குறிப்பு. இதையெல்லாம் ஒரு சுறுசுறுப்பான ஆசிரியர் தன் டைரியில் வைத்திருந்தால், மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு பள்ளிக்குப் போகும்போது திட்டமும் கூடவே போய்விடும். வண்ணம் தீட்டிய சார்ட், மழைப் பதிவேடு, எந்தப் பாடம் எடுபடவில்லை என்ற குறிப்பு மூன்றையும் தலைமையாசிரியர் அறை அலமாரியில் ஒரே கோப்பாக வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளுக்கு மறுபடி தண்ணீர் வேண்டாம். மரம், பேருந்து, சந்தை என்று ஐந்து தலைப்புகளைச் சுழற்சியில் வைத்தால், ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்தையும் ஒருமுறை பார்த்துவிடும். மழைப் பதிவேட்டை மட்டும் எந்தத் தலைப்பு வந்தாலும் நிறுத்தாமல் தொடரலாம். தண்ணீர் ஆண்டு மறுபடி வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து பருவமழையின் கணக்கு கையில் இருக்கும்.